சீமைக் கருவேலமாக நடித்த கதை

சென்னைக் கம்பெனி ஒன்று கீரமங்கலம் பக்கம் ஒரு கண்மாயைத் தூர்வாரிக் கொடுக்க முன்வந்தது. கூடவே ஒரு தெருநாடகத்துக்கும் செலவு செய்வதாகச் சொன்னது. கலையும் வளர வேண்டும், கண்மாயும் நிறைய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். திருக்கோகர்ணத்தில் தையல் கடை வைத்துக்கொண்டு, ஓய்வில் நாடகம் போடும் எனக்கு இரண்டிலும் சம்மதம்தான். வேஷம்தான் இடித்தது. தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக் கண்மாயைக் கெடுக்கும் சீமைக் கருவேல மரம் நான். விவசாயியாக வருபவர் கடைசியில் என்னை வெட்டிச் சாய்க்க வேண்டும்.

உடையை நானே தைத்தேன். சாக்குத் துணி, அட்டை முட்கள். ஒத்திகை பார்க்க வந்த கம்பெனி மேடம் என்னோடு படம் எடுத்துக்கொள்ள நெருங்கினார். அவர் துப்பட்டா முள்ளில் மாட்டிக்கொண்டது. விடுவிக்க நான் திரும்ப, அவரும் என்னைச் சுற்றி வந்தார். "மரம் தத்ரூபமா இருக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

நாடகத்தன்று கண்மாய்க் கரையில் ஊரே கூடியிருந்தது. நான் தண்ணீர் உறிஞ்சும் காட்சியில் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நினைத்தோம். விழுந்து விழுந்து சிரித்தார்கள். விவசாயி அரிவாளை ஓங்கியபோது கூட்டத்திலிருந்து ஓர் அக்கா எழுந்தார்.

"ஏண்ணே, அதை வெட்டிப்புட்டா எங்க அடுப்புக்கு நீங்களா வெறகு கொண்டாந்து போடுவீங்க?"

விவசாயிக்கு வசனம் மறந்துவிட்டது. ஓங்கிய கையோடு என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் மரத்துக்குப் பேச்சே கிடையாது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்லாக் கேளுங்கக்கா. என்னைய யாரும் ஒரு வார்த்தை கேக்கலை" என்றேன்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வில்லன்களுக்கு அப்படிக் கிடைப்பதில்லை. எனக்கோ வேறு கவலை. செலவு செய்தவர்களின் நாடகத்தைக் கவிழ்த்துவிட்டேனே, இனி நம்மைக் கூப்பிடுவார்களா?

நாடகம் முடிந்ததும் மேடம் அந்தப் பெண்கள் நடுவில் போய்த் தரையில் உட்கார்ந்தார். விறகும், அதைச் சுட்டுக் கரியாக்கி விற்கும் கரிமூட்டமும்தான் பல வீடுகளுக்குச் சோறு போடுகின்றன என்று அவர்கள் சொன்னார்கள். மரம் கண்மாய்க்குள் இருக்கக்கூடாதுதான், ஆனால் மொத்தத்தையும் மிஷின் வைத்து அள்ளிக்கொண்டு போனால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டார்கள். பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். வெட்டுகிற மரமெல்லாம் ஊருக்கே. கண்மாய்க்குள் இருப்பதை முதலில் எடுப்பது; கரைக்கு வெளியே நிற்பதை, அதற்கு மாற்றாக நடும் புதுக்கன்றுகள் தலையெடுத்த பிறகு பார்த்துக்கொள்வது.

அடுத்தடுத்த ஊர்களிலும் நாடகம் போடக் கம்பெனி எங்களையே கூப்பிட்டது; அந்தக் கேள்வியும் நாடகத்தில் சேர்ந்தது. அதைக் கேட்க அந்த அக்காவையே அழைத்துப் போனோம். இரண்டாவது ஊரிலேயே, தன் குரல் பின்னால் இருப்பவர்களுக்கு எட்டவில்லை என்று மைக் கேட்டார். கம்பெனி மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தது.