தம்பியின் பனிக்கோட்டு

கப்பலில் சமையல் வேலை பார்த்த என் தம்பி, பனிக்கடலுக்கென்று கொடுத்த தடித்த கோட்டோடு லீவில் எங்கள் மலையூரான கொட்டகலைக்கு வந்தான்.

“மலைக்குளிர்ல வளர்ந்தவன்டா நீ! ஒனக்குக் கம்பளி போதும்,” என்று அதை நான் வாங்கிக்கொண்டேன்.

“கோட்டு இல்லாம பனிக்கடலுக்குப் போகக்கூடாதுன்னு சட்டம்ண்ணே,” என்றவன், மறுக்கத் தெரியாமல் கொடுத்துவிட்டுப் போனான்.

பிறகுதான் புடவைக்கடை முஸ்லிம் முதலாளி நானா சொன்னார்: “அந்தக் குளிர்ல வெரலே கருகி விழுந்துருமாம்.” மூன்று மாதம் கடிதமில்லை. தினமும் மாரியம்மன் முன்னால் அழுதேன்.

கடைசியில் கடிதம் வந்தது. பனிப்பாறைகளுக்கு நடுவே வழி சொல்ல ஏறிய வெள்ளைக்கார நிபுணர், கம்பளியோடு நின்ற தம்பியைப் பார்த்ததும், இவனுக்குக் கோட்டு கிடைக்காமல் கப்பல் நகரக்கூடாது என்றாராம். பிறகு தன் மாற்றுக் கோட்டையே கொடுத்தாராம்.

“அண்ணே, கோட்டு ஒங்களுக்குக் கதகதப்பா இருக்கா?” என்று முடித்திருந்தான்.

அதை நான் மறுபடி போடவில்லை. முகம் தெரியாத அந்த மனிதருக்காக வெள்ளிதோறும் விளக்கேற்றுகிறேன்.