இரண்டு எல், ஒரு டி

மதுரை மருத்துவமனையில் டாக்டர் அந்தச் சொல்லை ஒரே ஒரு முறைதான் சொன்னார். "இனிமே பேலியேட்டிவ் கேர்தான்மா நல்லது." என் கணவர் தலையாட்டினார். நான் உத்தமபாளையத்தில் இங்கிலீஷ் டீச்சர். அந்தச் சொல்லுக்குப் பொருள் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

திரும்பும் வழியில், ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் டீக்கடையில் காரை நிறுத்தச் சொன்னார். கம்பத்துத் திராட்சையைக் குமுளிக்குக் கொண்டுபோய் விற்றவர். வழியில் டீ குடிக்காமல் இருக்க மாட்டார். வயிற்றில் கட்டி வந்த பிறகு அரை டம்ளர்தான் இறங்கியது.

"டாக்டர் என்னமோ சொன்னாகளே, அதுக்கு என்ன ஸ்பெல்லிங்?" என்றார்.

"பி, ஏ, ரெண்டு எல், ஐ, ஏ, ஒரு டி, ஐ, வி, ஈ." நடுவில் அழுதுவிடுவேனோ என்று வேகமாகச் சொன்னேன்.

மேசையில் சிந்திய டீயைத் தொட்டு விரலால் எழுதிப் பார்த்தார். "குமுளியில இந்த எழுத்துப் போட்ட வண்டி ஓடும். அங்கன இருக்கற மலையாளத்துக்காரவுக பாலியேட்டிவ்னு சொல்லுவாக. நான் கம்பெனி பேருன்னுல்ல நெனச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. மொத எழுத்த அழுத்தி, மிச்சத்த லேசா சொல்லணும்."

"சரி, அர்த்தம்?"

நேரே சொல்ல வாய் வரவில்லை. அது பிறந்த இடத்திலிருந்து தொடங்கினேன். "லத்தீன்ல பாலியம்னா மேல போத்திக்கிற துணி. அதுல இருந்து வந்ததுங்க. வலி தெரியாம போத்தி விடுறது."

"போத்திட்டா உள்ள இருக்கது ஆறிருமா?"

"ஆறாதுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பி, "வலிக்காம இருந்தாப் போதும். திரும்ப என்னைய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிராத" என்றார். சரி என்றேன்.

வாரம் ஒருமுறை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். வலி மருந்து கொடுத்த பிறகு என் கணவர் படுத்து உறங்கினார். சில நாள் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவும் செய்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதது சொந்தக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. கொழுந்தனார் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "படிச்சவுக நீங்க. இப்படிக் கைய விட்டுட்டீகளே மதினி?" அண்ணன் உயிரோடு பக்கத்து அறையில் படுத்திருக்கும்போதே கேட்டார்.

பிறகு அகராதியில் பேலியேட்டிவ் என்ற சொல்லைத் தேடினேன். செய்த தப்புக்குச் சப்பைக்கட்டுக் கட்டுவதற்கும் ஒரு காலத்தில் அந்தச் சொல் வழங்கியிருக்கிறது. அந்தப் பொருள் எனக்கு முன்பு தெரியாது. நாங்கள் செய்தது அதுவாக இருக்குமோ என்று பல நாள் மனதை அறுத்தது. அவர் முகத்தில் வேதனை இல்லாததைப் பார்க்கும்போது மட்டும் அடங்கியது.

பங்குனியில் ஒரு காலை, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று கேட்டார். பாய்ந்தது என்றேன். கஞ்சி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் நர்ஸ் தன் வழக்கமான முறைக்கு வந்தார். அவருக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "கடைசியில வலி இருந்துச்சாக்கா?" என்று கேட்டார்.

"இல்லத்தா" என்றேன். அப்போதுதான் எனக்கு ஓவென்று அழ முடிந்தது.