சைபர் கிலோ

நான் எழுதும் நிரலில் பிழை இருக்காது என்பதில் எனக்குத் தனிப் பெருமை. வல்வெட்டித்துறைப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றுக்கு, அன்றாடம் பிடித்த மீனின் எடையைப் பதியும் இணையப் பக்கத்தைப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தேன். எடைக் கட்டம் வெறுமையாக இருந்தால், 'கடலுக்குப் போகவில்லை' என்று அது குறித்துக்கொள்ளும்.

கடலுக்குப் போயும் மீன் படாத தொழிலாளர்களுக்கு, அந்தப் பதிவை வைத்துச் சங்கம் எடுத்த நிவாரணப் பட்டியல் வந்த அன்று, ஓர் அக்கா கைபேசியோடு வந்து நின்றார். அவருடைய கணவரின் பெயர் பட்டியலில் இல்லை.

"தம்பி, அவர் கிழமை முழுக்கக் கடலுக்குப் போய் வெறும் வலையோடை வந்தவர். ஒவ்வொரு நாளும் சைபர் எண்டு நான்தான் அடிச்சனான். போகேல்லை எண்டு எப்பிடிப் போடுவியள்?"

நிரலைத் திறந்து பார்த்தேன். கட்டம் வெறுமையா என்று பார்க்க நான் நம்பியிருந்த 'எம்ப்டி' சோதனை, சைபர் என்ற பூச்சியத்தையும் வெறுமை என்றே எடுத்திருந்தது.

அவர் முன்னாலேயே அந்த வரியைத் திருத்தினேன். பெயர் பட்டியலில் ஏறியது.

இன்றும் என் நிரலில் எனக்குப் பெருமைதான். ஆனால், வெறும் வலையோடு திரும்புவதற்கும் ஒருவர் கடலுக்குப் போயிருக்க வேண்டும்.