அம்மா கட்டிய தூளி

எங்கள் அம்மாவின் முதலாண்டு நினைவு நாளில் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகனின் வணக்கம்.

அம்மா பிறந்தது நாங்குநேரிப் பக்கம். நடவுக்குப் போகும் பெண்கள் வரப்போர வேப்பங்கிளையில் பழஞ்சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வயலில் இறங்குவார்கள். அப்படியொரு தூளியில்தான் அம்மாவும் வளர்ந்தார். மணமாகித் தாராவிக்கு வந்தபோது கிளைக்குப் பதில் தகரக் கூரையின் உத்தரம் கிடைத்தது. நாங்கள் மூவரும் அதில்தான் தூங்கினோம். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் எலிக்குத் தப்பி அரிசிப்பை அதில் தொங்கும். மழைக்காலத்தில் படுக்கைகளும் ஏறிவிடும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைநாள். சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்து அறை சுலைமான் மாமாவின் மனைவிக்குப் பிரசவ வலி. பெரிய ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. சந்தின் திருப்பங்களில் ஸ்டிரெச்சர் திரும்பவில்லை. தோல் பதனிடும் இடத்தில் வேலைபார்த்த மாமா ஒரு மூங்கிலைக் கொண்டுவந்து, பிள்ளை பிறந்ததும் மனைவிக்குக் கொடுப்பதற்காக வாங்கிவைத்திருந்த நைலான் சேலையை அதில் தூளியாகக் கட்டினார். அப்போது நைலான்தான் பெருமை.

அம்மா வந்து முடிச்சை ஒரு இழுப்பு இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது.

"என்னவே கட்டிருக்கீரு? பாதி வழியில புள்ளத்தாச்சிய தண்ணியில போடவா?"

"புதுசு மதினி, நல்ல கெட்டி."

"சேலை கெட்டிதான். முடிச்சு நிக்காண்டாமா?"

உள்ளே போய், தம்பி தூங்கிக்கொண்டிருந்த தூளியை அவிழ்த்தார். தம்பி வீறிட்டான்.

"மதினி, புள்ள அழுதானே!"

"அழட்டும், தொண்டை நல்லாயிரும். நீரு மூங்கிலப் பிடியும்!"

நைந்து மெதுவான பருத்திச் சேலை. இரட்டை முடிச்சு இறுகி நின்றது. நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்க, அம்மா முன்னால் தண்ணீரில் காலால் துழாவி வழிகாட்டினார். ஆஸ்பத்திரியில் ஜொஹரா நலமாகப் பிறந்தாள். மறுநாள் மாமா சந்து முழுக்க ஜிலேபி கொடுத்தார். அம்மாவுக்கு மட்டும் இரண்டு பங்கு.

பின்னாளில் செம்பூரில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். எழுபது வயதில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அன்று லிப்ட் ஓடவில்லை. மான்குர்திலிருந்து ஜொஹராவின் மகன்கள் இருவரும் சேலைத் தூளி கட்டிய மூங்கிலோடு வந்து நின்றார்கள். அந்த வலியிலும் அம்மா கையை நீட்டி முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"நைலானா லே?"

"டென்ஷன் மத் லோ, நானி. கவலை வேண்டாம் பாட்டி, காட்டன்தான். எங்க அம்மி ரெண்டு தடவை செக் பண்ணியாச்சு."

அம்மா சிரித்துவிட்டார். அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களில் அதே மூன்று மாடியையும் தம் காலாலேயே ஏறினார். அதன்பின் இரண்டு பொங்கலுக்குத் தாமே பானை வைத்தார். போன ஆண்டு ஒரு காலையில் தூக்கத்திலேயே நிறைவாகப் போனார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், உடனிருந்து பார்த்துக்கொண்ட தங்கைக்கும், தாராவிச் சந்தின் அத்தனை குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. ஜொஹராவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். அம்மா கடைசியாக உடுத்திய பருத்திச் சேலையை அவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். மான்குர்தில் அவருடைய பேத்தி இப்போது அதில்தான் தூங்குகிறாள்.