அட்டையில் வராத கற்பூரம்

வெள்ளாட்டுக்குப் பாடம் நடத்தியவன் நான். வேலூரில் கற்றுக்கொண்டு வந்த முறையை நேரடியாகப் பேத்தியிடம் சோதிக்கத் துணிவில்லை. அதனால் எங்கள் வீட்டு ஆட்டின் முன்னால் குந்திக்கொண்டு, புல் வரைந்த அட்டையைக் காட்டி, ஒரே சொல்லில் தெளிவாக, “சாப்பிடு” என்றேன். ஆடு அட்டையைத் தின்றது. அது கீழ்ப்படிந்ததா, மீறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலைப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். மளிகை கட்டி வரும் தாளைக்கூடப் படிக்காமல் கீழே போடாத பேர்வழி; ஆகவே பிள்ளைகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்கிற நினைப்பும் இருந்தது. தாயோடு எங்கள் வீட்டில் இருந்த மகள் வயிற்றுப் பேத்திக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். எதிர்பாராதது ஏதாவது நடந்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். வேலூர் டாக்டரம்மா அதை ஆட்டிசம் என்றார். ஊரில் அதற்கு முன்பே ஒரு பேர் வைத்தாகிவிட்டது: காத்து பட்டுவிட்டது.

டாக்டரம்மா பெற்றோர்களுக்கு நடத்திய வகுப்பில், இளம் தாய்மார்களுக்குப் பின்னால் நான் ஒருவன்தான் தாத்தா. மாணவனாக நான் சுமார். ஒன்று மட்டும் பசுமரத்தாணியாக இறங்கியது. “அடுத்து என்னன்னு தெரிஞ்சா இந்தக் குழந்தைங்களுக்குப் பாதி பயம் போயிடும். படமா வரைஞ்சு வரிசையா காட்டுங்க.”

அவரே தன் வகுப்பில் பேத்தியைச் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். தடையாக இருந்தது பஸ்தான். போன முறை இவள் போட்ட அலறலில் இரண்டாவது வளைவிலேயே எங்களை இறக்கிவிட்டார்கள். மலையடிவாரத்து ஒடுகத்தூரில் மல்லாட்டைக் கடலை வியாபாரம் செய்யும் மாப்பிள்ளை அதற்குமேல் பொறுக்கவில்லை.

“மாமா, இந்த ஒரு வாட்டி பஸ்ல வந்து எறங்கட்டும், வேலூருக்கு இட்டுனு போலாம். இல்லன்னா எங்கம்மா சொல்ற கோயில்ல வுட்ருவேன். நீங்க குறுக்க வரக்கூடாது.”

அந்தக் கோயிலில் பேயோட்டுகிறேன் என்று பிள்ளைகளைத் தூணில் கட்டிப்போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

வரைந்தேன். வீடு, பஸ், புளியந்தோப்பு, வளைவு, செக்போஸ்ட், ஒடுகத்தூரில் நிற்கும் அப்பா. தினமும் காட்டினேன். புறப்பட்ட அன்று, மகளுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வோர் இடம் கடந்ததும் அந்த அட்டையை எடுத்து அடியில் வைத்தாள். புளியந்தோப்பு அடியில் போயிற்று. அடுத்தது வளைவு.

பஸ் நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கற்பூரத்தோடு இறங்கினார்.

எங்கள் மலையில் இறக்கம் தொடங்கும் இடத்து முனீஸ்வரனுக்குக் கற்பூரம் ஏற்றாமல் எந்த பஸ்ஸும் கீழே போகாது. பிறந்தது முதல் பார்ப்பதால் அது நடப்பதாகவே என் கண்ணில் பட்டதில்லை. மூச்சு விடுவதை யாராவது படம் வரைவார்களா? அவள் கையில் வளைவு. ஜன்னலுக்கு வெளியே நெருப்பு. டிரைவர் மணியை அடித்தார்.

அலறல் தொடங்கியது. தலையை முன்சீட்டுக் கம்பியில் முட்டினாள். மகள் தன் உள்ளங்கையைக் கம்பிக்கும் தலைக்கும் நடுவில் கொடுத்தாள்.

“இன்னா வாத்தியாரே, மறுபடியுமா?” என்றார் கண்டக்டர்.

“சாமிகிட்ட வந்ததும் கத்துது பாரு, உள்ள கீறது பேசுது,” என்று பின்சீட்டு அம்மாள் திருநீற்றுப் பையைப் பிரித்துக்கொண்டு வந்தாள்.

“தொடாதீங்கம்மா!” என்று நான் போட்ட சத்தத்தில் பேத்தி இன்னும் உரக்க அலறினாள். சத்தம் போடக்கூடாது என்பது எனக்கு நடத்தப்பட்ட முதல் பாடம்.

“எறக்கி வுட்றட்டுமா சார்?” என்றார் கண்டக்டர்.

அவள் நழுவவிட்ட அட்டையையும் பென்சிலையும் எடுத்தேன். வளைவு அட்டையின் பின்புறத்தில் முனீஸ்வரன், மணி, கற்பூரம். அவசரத்தில் முனீஸ்வரன் மீசை வைத்த பூசணிக்காயாக வந்தார். அவள் முன்னால் நீட்டினேன். அலறல் நிற்கவில்லை, ஆனால் கண் அட்டையில் விழுந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தாள். வெளியே கற்பூரம் அணைந்திருந்தது.

“அண்ணே,” என்று டிரைவரிடம் கெஞ்சினேன், “இன்னொரு வாட்டி ஏத்துங்க.”

“சாமிக்கு ரெண்டு வாட்டியா? யோவ் வாத்தியாரே, நீ நல்லாத்தான கீற?”

“உங்க காலைப் புடிச்சிக்கிறேன்.”

டிரைவர் முணுமுணுத்தபடி ஏற்றினார். நான் படத்து மணியைத் தொட்டுக் காட்டினேன். வெளியே மணி அடித்தது. படத்துச் சுடரைத் தொட்டேன். அவள் வெளியே பார்த்தாள். மறுபடி அட்டை. மறுபடி சுடர். அலறல் விக்கலாகி, விக்கல் முனகலானது. அட்டையை என் கையிலிருந்து பிடுங்கித் திருப்பினாள். வளைவு. பஸ் கிளம்பியது.

ஒவ்வொரு வளைவிலும் அவள் முனகிக்கொண்டே வந்தாள். ஒடுகத்தூரில் இறங்கி, கடைசி அட்டையை மாப்பிள்ளையின் வேட்டியில் ஒட்டவைப்பதுபோல அழுத்திக்கொண்டு நின்றாள். அவர் எங்கள் பையை எடுத்துக்கொண்டு வேலூர் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னால் போனேன். மகள் வீங்கிய உள்ளங்கையை ஊதிக்கொண்டே சொன்னாள்: “ரொம்ப நிமிராதே நைனா. பொங்கலுக்குத் திரும்பி வரணும். மேல ஏறும்போது எந்த பஸ்ஸும் முனீஸ்வரங்கிட்ட நிக்காதே, அப்ப அந்த அட்டைக்கு?”