சாச்சியின் விரல்கள்

சாச்சாவின் அஞ்சலிக் கூட்டத்தில் அவர் மனைவி சாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாச்சியின் விரல்கள் மடியில் இல்லாத பீடியைச் சுற்றிக்கொண்டிருந்தன. சட்டென்று மைசூர் உதயகிரியில் அவர்கள் வீட்டின் புகையிலை நெடி மூக்கில் ஏறியது.

அங்கே எங்கள் பக்கத்து வீட்டுக்காரரான சாச்சா, உருதுவில் புதுக்கவிதை எழுதியவர். முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்க மேடையில் குக்கர் விசிலைப் பற்றி வாசித்தால் ஒருவரும் ‘வாஹ்’ என்று பாராட்ட மாட்டார்கள். அவருக்கு அது பொருட்டே இல்லை. வீட்டில் சாச்சி பீடி சுற்றும்போது வாசித்துக் காட்டுவார். எந்த வரிக்குச் சாச்சியின் கை நிற்கவில்லையோ, அதை அடித்துவிடுவார்.

“நல்லா இல்லையா சாச்சி?” என்று கேட்பேன்.

“எனக்கு என்னம்மா தெரியும்? கை நிக்கலையே.”

இன்று மேடையில் யார் யாரோ அவர் கவிதைகளை வாசித்தார்கள். ஒரே கைதட்டல். சாச்சியின் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியாக அவருடைய பழைய ஒலிப்பதிவைப் போட்டார்கள். வாசிக்கும் முன் சாச்சா தொண்டையைச் செருமினார்.

விரல்கள் நின்றன.