பழனியாண்டி அண்ணனின் கிராஃபிக்ஸ் கார்ட்

டயகமவில் எங்கள் தோட்டத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வீடியோவுக்குப் பழனியாண்டி அண்ணன்தான். பகலில் தேயிலைத் தொழிற்சாலையில் மெசின்களைப் பழுது பார்ப்பார். பொழுது சாய்ந்தால் லயத்து வீட்டின் முன் அறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்துவிடுவார். பெண் தலையில் ரோஜா மழை பெய்யும். தாலி கட்டும்போது வானத்தில் அன்னப்பறவை பறக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெண்ணைப் பெற்ற அப்பன் அழும் இடம் வந்தால்தான் மனுசனுக்குக் கை சும்மா இருக்காது. அந்த முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, சோக வயலின் போட்டு, ஒரே கண்ணீரைத் திரும்பத் திரும்ப மெதுவாக ஓடவிடுவார். என் மகள் கல்யாணத்தில் என் மூக்கிலிருந்து வந்ததையும் சேர்த்தே ஓடவிட்டார். ஆட்டோ ஸ்டாண்டில் இன்றைக்கும் என்னை மூக்கு சின்னராசா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"ஆம்பள அழலாமாடா? என் மக கல்யாணத்துல பாரு, கல்லு மாதிரி நிப்பேன்" என்று வேறு சொல்லித் திரிந்தார்.

போன தை மாதம் அவருடைய ஒரே மகள் லோஜினிக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணைப் பெற்றவரே கேமரா பிடிக்க முடியாது என்பதால் அதை என் கையில் கொடுத்தார். லோஜினி அவர் காலில் விழுந்து எழுந்தாள். கல் அப்படியே உடைந்துபோனது. அதை அழுகை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். மாப்பிள்ளையின் அம்மா பயந்துபோய் யாராவது சோடா கொண்டுவாருங்கள் என்றார். நான் கேமராவை இம்மியும் நகர்த்தவில்லை. மனசார எடுத்தேன்.

அடுத்த ஞாயிறு மறுவீட்டு விருந்து. அன்று மாலை பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், வெள்ளை வேட்டியைக் கட்டிக் கல்யாண வீடியோவை எல்லாருக்கும் காட்டுவது எங்கள் வழக்கம். அண்ணன் அதுவரை திரையில் அழவிட்ட அப்பன்மார் அத்தனை பேரும் முன்வரிசைக்கு அப்போதே துண்டு போட்டு வைத்துவிட்டோம்.

அந்த இடத்தை வெட்டிவிட்டால் போச்சு என்று நினைக்கலாம். ஆனால் மகள் ஆசீர்வாதம் வாங்குவதும் அங்கேதான் இருக்கிறது. "அதுல ஒரு துண்டு கொறைஞ்சாலும் ஒங்களுக்குச் சோறு கெடையாது" என்று அவர் மனைவி நாகலெட்சுமி அக்கா சொல்லிவிட்டார். அதனால் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் முகத்துக்கு மேலே ஒரு தாமரையை மலரவிடுவது. முகம் ஆடுகிற பக்கமெல்லாம் தாமரையும் ஆட வேண்டும். அவருடைய கம்ப்யூட்டர் அதற்கு மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் போட்டால்தான் ஓடும் என்றார்கள். என் ஆட்டோவில் ஹட்டனுக்குப் போய், யாரோ பாவித்த பழைய கார்ட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மாட்டினார். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை.

கார்டை ஓட்டுகிற டிரைவர் என்ற மென்பொருளைப் போட்டால் சரியாகிவிடும் என்று, கோயில் மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் பனியில் நின்று போனில் அதை இறக்கினார். போடப்போனால் கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்டது. அதை வைத்தவள் லோஜினி. நுவரெலியாவில் மாமியார் வீட்டில் இருந்த பிள்ளைக்கு அழைப்பு எடுத்தார்.

"எதுக்குப்பா பாஸ்வேர்ட்?"

"சும்மாதான்மா."

"அழுத எடத்த மறைக்கப் போறீங்களா?"

"சேச்சே!"

பாஸ்வேர்ட் கிடைத்தது. ஆனால் பொருத்தமான கார்ட் இல்லை என்று சொல்லி டிரைவர் உட்கார மறுத்தது. பழைய டிரைவரை அழித்தார், புதியதை மறுபடி போட்டார், கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டார். உள்ளே இருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தார். கீபோர்ட் இருந்தது, மவுஸ் இருந்தது, எப்போதோ தூக்கிப் போட்ட பிரிண்டரின் பேர்கூட இருந்தது. கார்ட் மட்டும் இல்லை.

"உள்ளதானேடா இருக்கு! காத்தாடி சுத்துது, லைட்டு எரியுது. இவன் இல்லவே இல்லேங்கிறான்!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினார். என்னைப் பார்த்தும் கத்தினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

சனிக்கிழமை மறுபடி ஹட்டன். முழுக் கம்ப்யூட்டர் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான பாதையில் உருட்டிக்கொண்டு போனேன். கடையில் ரிப்பேர் பார்க்கும் கேஷிகா என்ற பிள்ளை பெட்டியைத் திறந்து கார்டைப் பிடுங்கினாள். அதைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"அங்கிள், இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

"நாந்தான். புது சாமான் ஒன்னு மெசினுக்குள்ள போகையில சந்தனம் குங்குமம் வைக்காம எப்புடிம்மா? பேக்டரில அதுக்கப்புறந்தான் சுவிச்சே போடுவோம்."

கார்டின் ஒரு விளிம்பு பொன்னிறமாக மின்னியிருக்கிறது. மங்களமான இடம் என்று பார்த்து அங்கேயே வரிசையாகச் சந்தனத்தை அப்பியிருக்கிறார். கார்ட் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பேசுவதே அந்த விளிம்பால்தான். சந்தனம் காய்ந்து சுண்ணாம்பு பூசியது மாதிரி இறுகிப்போயிருந்தது. கேஷிகா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் விளிம்பைத் தேய்த்து, மாட்டும் இடத்தையும் தூரிகையால் சுத்தம் செய்தாள். கார்டின் பேர் பட்டியலில் வந்தது, டிரைவரும் ஒரே தடவையில் உட்கார்ந்தது.

"இனிமே பொட்டு பெட்டிக்கு வெளிய வைங்க அங்கிள்."

எனக்கு வயிறெரிந்தது.

ஞாயிறு மாலை பெரட்டுக்களம் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். அந்தக் காட்சி வந்தது. அண்ணன் முகத்தில் இளஞ்சிவப்புத் தாமரை ஒன்று விரிந்தது. அவர் தலை போன பக்கமெல்லாம் பிசகாமல் போனது. முன்வரிசையில் பெருமூச்சு விட்டோம். அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது தாமரை வாய்விட்டு அழுதது. "என் தங்கமே... ஒன்ன விட்டுட்டு எப்புடிம்மா இருப்பேன்..."

நாகலெட்சுமி அக்காவுக்குக் கேட்கக்கூடாது என்று ஸ்பீக்கரை மூடிவைத்தே வேலை செய்தவர், சத்தத்தை எடுக்க மறந்துவிட்டார். தாமரை விக்கியது. ஒரு கை துண்டோடு பூவுக்குள் போனது, மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது, கை வெளியே வந்தது. பெரட்டுக்களமே உருண்டு சிரித்தது. நான் பெஞ்சிலிருந்து விழுந்தேன்.

அண்ணன் படத்தை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து நின்றார். லோஜினி எழுந்து அவரிடம் போனாள்.

"அந்தப் பூவ எடுங்கப்பா. எல்லார் வீட்டு வீடியோவுலயும் அப்பா இருக்காரு. நீங்க எப்பவும் கேமராவுக்குப் பின்னாலதான். நான் கொண்டுபோறதுக்கு ஒங்க மொகம் வேணாமா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் தரையிலிருந்து எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டேன், மறைக்க ஒன்றுமில்லை. அண்ணன் கம்ப்யூட்டரில் தாமரையை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். திரையிலும் அழுதார், திரைக்குப் பக்கத்திலும் அழுதார். லோஜினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படம் முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். உதைக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏன்டா சின்னராசா, இன்னுங்கொஞ்சம் கிட்ட வந்து எடுத்திருக்கலாம்ல?"